பெரியம்மா வாசிக்காத அதிகாரம்

தோலன்
1955 அக்டோபர் 4

அன்புள்ள லெவீனா,

உன் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி உன் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம்.

நீ காசநோய் சானடோரியத்துக்குப் போய்ப் படுத்து, உன் வீட்டுக்காரர் நிலக்கரிப் படகோடு ரைன் ஆற்றில் கிளம்பி, இந்த இரண்டும் என் கடை மாடிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. எனக்கு மூன்று வருஷம் ஆனதுபோல இருக்கிறது. நூலும் பொத்தானும் விற்றுக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவள் நான். ஆறு வயதில் ஒன்றும் நாலு வயதில் ஒன்றும் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். பிரசங்கம் மூன்று பகுதி, பகுதிக்கு ஒரு பெப்பர்மின்ட் என்று நம் சபையில் பிறந்த குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயில் ஒதுக்கிக் கரைய விட வேண்டும். உன் லேனர்ட் முதல் பகுதி முடிவதற்குள் மூன்றையும் கடக் கடக்கென்று கடித்துத் தின்றுவிட்டு, "பெரியம்மா, ஆமென் எப்ப வரும்?" என்று கேட்டான். மெதுவாகக் கேட்கவில்லை. போதகர் நிறுத்தி எங்கள் வரிசையைப் பார்த்தார். எனக்குத் தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

டோனா அப்படிக் கத்துகிற ரகமில்லை. அவள் கேள்வி கேட்கிற ரகம். மதியச் சாப்பாடு முடிந்ததும், நம் அப்பா செய்ததுபோலவே, வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிக்கிறேன். ஆதியாகமத்தில் ஆரம்பித்திருக்கிறேன். எத்தனையாவது அதிகாரம் என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை. இந்த வீட்டில் ஒரு வரிகூட விடுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பிறகு, அப்பா நம்மைக் கேட்பாரே, அதே கேள்வி: "கடைசி வார்த்தை என்ன?" சரியாகச் சொன்னால் மோர்க்கஞ்சிக்குப் பாகு உண்டு. சொல்லாவிட்டால் வெறும் கஞ்சி.

நோவாவின் பேழையை வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கையைத் தூக்குகிறாள். "தண்ணி வந்தப்ப மத்த பிள்ளைங்க எல்லாம் எங்க போனாங்க?"

"வாசிக்கும்போது பேசக் கூடாது."

"எங்க வீட்ல பேசலாம். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இது உங்க வீடு இல்ல."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் பக்கத்துத் தெருவே போன ஊரில் இருந்துகொண்டு இவள் இந்தக் கேள்வியைக் கேட்டால் நான் என்ன சொல்ல? நீ என்ன சொல்லுவாய்? பிள்ளைகளை இப்படிப் பேசவிட்டுத்தான் வளர்த்தாயா? பக்தியை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

கிரீனா


சானடோரியம்
அக்டோபர் 9

அக்கா,

என் நெஞ்சு அப்படியேதான் இருக்கிறது. கேட்டதற்கு நன்றி.

நாள் முழுக்கக் கட்டிலோடு எங்களை வராந்தாவில் தள்ளிவிட்டுவிடுகிறார்கள். மழை அடித்தாலும் உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். சிரிக்காதே, பேசாதே, கையைத் தூக்காதே என்று நர்ஸ் வந்து வந்து சொல்கிறாள். இந்த நிலைமையில் உன் கடிதத்தை வாசித்தால் கத்தாமல் இருக்க முடியுமா? பக்கத்துக் கட்டில் அம்மாள் பயந்துபோய் மணியை அடித்துவிட்டாள்.

கடைசி வார்த்தை! அந்தக் கேள்வியை நீ இன்னும் விடவில்லையா? அப்பா வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் என்ன செய்வேன் தெரியுமா? ஜன்னல் வழியாகக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் குரல் இறங்கும்போது மட்டும் காதைக் கொடுப்பேன். கடைசி வார்த்தையைப் பளிச்சென்று சொல்லிப் பாகும் வாங்கிவிடுவேன். மொத்த வேதத்திலும் எனக்குக் கடைசி வார்த்தைகள்தான் மனப்பாடம். இயேசு யார் என்பது எனக்குக் கல்யாணமாகி டோனா வயிற்றில் இருக்கும்போதுதான் புரிய ஆரம்பித்தது. அதனால்தான் என் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே கதையாகச் சொன்னேன். அவர்கள் கேட்பார்கள். தெரிந்தால் சொல்லுவேன். தெரியாவிட்டால் தெரியாது என்பேன். மற்ற பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று என்னிடமும் கேட்டாள். எனக்கும் அது வருத்தம்தான் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

நீ எனக்கு உபகாரம்தான் செய்கிறாய், அதை மறக்கவில்லை. உன் வீட்டில் உன் முறைப்படி வாசி. ஆனால் படுக்கும்முன் செய்கிற ஜெபத்தை மட்டும் அவர்கள் சொந்த வார்த்தையில் செய்யட்டும். நீ எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்க வைக்காதே. இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

லெவீனா


தோலன்
அக்டோபர் 18

லெவீனா,

சொந்த வார்த்தை என்றாய். கேட்டுக்கொள் உன் பிள்ளைகளின் சொந்த வார்த்தையை.

லேனர்ட்: "ஆண்டவரே, கறிக்கடை நாய்க்குக் கால் சரியாகணும். நாளைக்கு மழை வேணாம். பெரியம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளை குடுங்க. தாத்தாவுக்குக் குளிராம பாத்துக்கங்க. ஆமென்."

மாப்பிள்ளை விஷயத்தை விட்டுத்தள்ளு. இறந்துபோன நம் அப்பாவுக்காக ஜெபிக்கிறான்! நான் என்ன கத்தோலிக்கர் வீட்டிலா இருக்கிறேன்? இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னேன்: செத்தவர்களுக்காக ஜெபம் செய்யக் கூடாது, அவர்கள் காரியம் முடிந்துவிட்டது, உயிரோடு இருக்கிறவர்களுக்காக மட்டும்தான். லேனர்ட் அழுதான். டோனா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

அவள் ஜெபமோ, "ஆண்டவரே, எங்க அம்மாவோட இருமலை நிறுத்துங்க. நேத்தும் சொன்னேன். முந்தாநாளும் சொன்னேன். ஏன் இன்னும் நிறுத்தல?" பிரபஞ்சத்தைப் படைத்தவரை, தைக்கக் கொடுத்த சட்டை இன்னும் வரவில்லை என்று தையல்காரனைக் கேட்கிறதுபோலக் கேட்கிறாள். நான் கண்ணைத் திறந்து முறைத்தேன். அவள் கண்ணை மூடியிருந்ததால் பிரயோஜனமில்லை. ஒரு நாள் தவறாமல் இதைத்தான் கேட்கிறாள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டு மேசையில் நேற்று ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடக் கூட்டிக்கொண்டு போன இடம். "அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாரா?" என்கிறாள்.

"அது வேதத்துல இல்ல."

"சொல்லாம போயிருந்தா தப்பு."

ஆபிரகாமுக்கே தப்புச் சொல்கிறாள். ஆனால் கடைசி வார்த்தையை இதுவரை ஒரு நாளும் விட்டதில்லை. உன்னைப்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டும் இல்லை. என் வாயைத்தான் பார்க்கிறாள்.

கிரீனா


சானடோரியம்
அக்டோபர் 24

அக்கா,

மாப்பிள்ளைக்காக நானும் ஜெபம் செய்கிறேன். லேனர்ட்டிடம் சொல்.

இனி விளையாட்டு இல்லை. மருந்து போதவில்லையாம். இடது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டுமாம். நவம்பர் இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. நிறையப் பேருக்குச் செய்கிறோம் என்று டாக்டர் சொன்னார். எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பயமாக இருக்கிறது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜெபம் செய்யக் கண்ணை மூடினால் வார்த்தை வருவதில்லை. லேனர்ட் என் முகத்தை மறந்துவிடுவான் என்கிற நினைப்புதான் வருகிறது. ஆனால் டோனா நாள் தவறாமல் கேட்கிறாள் என்று எழுதினாயே, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். என்னால் முடியாததை என் பிள்ளை எனக்காகச் செய்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தால்தான் கொஞ்சம் தூங்க முடிகிறது.

பிள்ளைகளுக்கு ஆபரேஷன் விஷயம் தெரிய வேண்டாம். மூச்சு விடாதே. அவருக்கு நான் எழுதியிருக்கிறேன். படகு எந்தத் துறையில் நிற்கிறதோ, எப்போது கிடைக்குமோ.

லெவீனா


தோலன்
நவம்பர் 5

லெவீனா,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். நீ நோயாளி, உனக்கு இதை எழுதக் கூடாதுதான். ஆனால் நடந்தது நடந்துவிட்டது. ஊரெல்லாம் பேசுகிறது. வேறு யாராவது எழுதி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை நம் சபை மூப்பர்கள் இருவர் வீடு சந்திக்க வந்தார்கள். காபி, சுருட்டு எல்லாம் வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி உட்காரவைத்திருந்தேன். பெரியவர் டோனாவிடம் அன்பாகத்தான் கேட்டார்: "அம்மாவுக்காக தினமும் ஜெபம் பண்றியாம்மா?"

"இல்ல."

"என்னம்மா?"

"முன்னாடி பண்ணினேன். நிறுத்திட்டேன்."

"ஏம்மா நிறுத்திட்டே?"

தம்பியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டாள். மற்றவர் சுருட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார்.

உண்மைதான். அதற்கு மூன்று நாளைக்கு முன்பிருந்தே உன் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டாள். "லேனர்ட்டைப் பாத்துக்கங்க, அப்பாவைப் பாத்துக்கங்க, ஆமென்." அவ்வளவுதான். அதே நாளில் மேசையில் கடைசி வார்த்தை கேட்டால் "தெரியாது" என்றாள். வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தாள், எனக்கு நன்றாகத் தெரியும். பாகை நிறுத்தினேன். கஞ்சியையும் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். நான் கெஞ்சினேன் லெவீனா! கத்தோலிக்கர் கோயில் சிலைபோல உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல நம் வேதத்தில் இடமில்லை, இல்லாவிட்டால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இஷ்டப்பட்டதைக் கேள், இஷ்டப்பட்டபடி ஜெபம் செய் என்று வளர்த்தால், இஷ்டமில்லாதபோது நிறுத்தவும் செய்வார்கள். இது நீ போட்ட விதை. நான் அறுத்துக்கொண்டிருக்கிறேன்.

கிரீனா


சானடோரியம்
நவம்பர் 9

என்ன செய்தாய் அவளை?

நான் போட்ட விதையா? ஆறு வருஷம் என்னோடு இருந்தாள். ஒரு நாள் ஜெபத்தை விட்டவளில்லை. உன் வீட்டில் ஏழு வாரத்தில் அம்மா பெயரைச் சொல்லமாட்டேன் என்கிறாள். கஞ்சிக்குப் பாகு ஊற்றி ஊற்றி ஆண்டவரைக் கூலிவேலை கொடுக்கிறவர் ஆக்கிவிட்டாய். பாகை நிறுத்தினாய், அவள் வேலையை நிறுத்திவிட்டாள்.

ஊர் பேசுகிறதாம். மூப்பர் சுருட்டை வைத்துவிட்டாராம். எனக்கு மூப்பரைப் பற்றியா கவலை? உன் வீட்டுத் திரைச்சீலையிலிருந்து உன் தொப்பிவரை எல்லாம் ஊருக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளையும் ஊருக்காக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டுமா?

என் மேல் கோபமா அவளுக்கு? நான் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று நினைக்கிறாளா? பிள்ளைகள் இங்கே வரக் கூடாது என்று சட்டம் போட்டது நானா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். திட்டாதே, கெஞ்சாதே, கேள். உட்கார்ந்து கேள். இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அவள் எனக்காகக் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்கிற நினைப்போடு அந்த ஆபரேஷன் மேசையில் நான் படுக்கமாட்டேன். டாக்டரிடம் வேண்டாமென்று சொல்லிவிடுவேன். சத்தியமாகச் சொல்லிவிடுவேன்.

லெவீனா


தோலன்
நவம்பர் 15

என் தங்கச்சிக்கு,

நீ திட்டியது சரிதான், ஆனால் தப்பான காரணத்துக்குத் திட்டியிருக்கிறாய். சரியான காரணத்தை நானே சொல்லுகிறேன்.

நேற்று டோனாவின் டீச்சர் சாம்பல் கலரில் கம்பளி நூல் வாங்கக் கடைக்கு வந்தாள். பணத்தைக் கொடுத்துக்கொண்டே, "உங்க டோனா ரொம்பக் கெட்டிக்காரிங்க. ரெண்டு வாரம் முன்னாடி, ஆதியாகமம் முப்பத்தஞ்சாம் அதிகாரத்துல என்ன இருக்குன்னு வந்து கேட்டா பாருங்க, இந்த வயசுல!" என்றாள்.

சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். "நீங்க என்ன சொன்னீங்க?"

"ராகேல் பிள்ளை பெத்துட்டு வழியிலயே செத்துப்போறதைச் சொன்னேன். அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா. ரெண்டுன்னேன். சரின்னுட்டுப் போயிட்டா."

லெவீனா, அந்த அதிகாரத்தை நான் வாசிக்கவில்லை. உன் ஆபரேஷன் கடிதம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு வாசிக்க எடுத்தால் முப்பத்தைந்து. ஒரு தாய், இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, வழியிலேயே சாகிறாள். மேசையில் எனக்கு எதிரே உன் இரண்டும் கைகட்டி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வாய் வரவில்லை. அப்பா வாழ்நாளில் செய்யாததைச் செய்தேன். பக்கத்தைப் புரட்டி "முப்பத்தாறாம் அதிகாரம்" என்று ஏசாவின் வம்ச வரலாற்றை வாசித்தேன். வாயில் நுழையாத பெயர்களாக வரிசையாக வாசித்து, பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவளுக்கு முப்பத்துநாலுக்குப் பிறகு முப்பத்தைந்து என்று எண்ணத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கடையைச் சாத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"முப்பத்தஞ்சைப் பத்தி ஏன் டீச்சர்கிட்ட கேட்டே?"

"நீங்க வாசிக்கல."

"மறந்துட்டேன்டி."

"நீங்க மறக்க மாட்டீங்க." பொத்தானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு வரிகூட விட மாட்டேன்னீங்க. அம்மா செத்துட்டாங்கல்ல?"

"ஐயோ, இல்லடி! யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. அதான். சொல்லக் கூடாதுன்னுதான் விட்டுட்டீங்க. லேனர்ட்கிட்ட நான் சொல்லல. அவன் அழுவான்."

"அதுக்காகவா ஜெபத்தை நிறுத்தினே?"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அடம் பிடிக்கிறாள் என்று இரண்டு வாரம் பாகை நிறுத்தினேன். அவளோ நான் சொன்னதை அப்படியே கேட்டு நடந்துகொண்டிருக்கிறாள். அம்மாவுக்காக ஜெபிக்க ஆசையாக இருந்தும் நிறுத்தியிருக்கிறாள். மூப்பர்கள் முன்னால் வாயைத் திறக்காமல் இருந்தது தம்பிக்காக. இரண்டு வாரம், லெவீனா, ஆறு வயதுப் பிள்ளை தாய் செத்ததைத் தனியாக வைத்துக்கொண்டு என் வீட்டில் நடமாடியிருக்கிறாள். நான் அழுதேன். அவள் முன்னால், தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுதேன்.

உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். "பாரு, அம்மா எழுத்து. போன வாரம் எழுதினது."

"எனக்கு எழுத்தையெல்லாம் சேத்து எழுதினா வாசிக்கத் தெரியாது."

"நான் வாசிக்கிறேன்."

"நீங்க விட்டுட்டு வாசிப்பீங்க."

விட்டுவிட்டுத்தான் வாசித்திருப்பேன். நீ திட்டியதையும் ஆபரேஷனையும் விட்டால் அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது? அவள் என்னை நம்பவில்லை. சத்தியம் செய்கிறேன் என்றேன், நம் சபையில் அதுவும் கூடாது. அதற்கும் நம்பவில்லை. என்ன செய்யட்டும்? எனக்குத் தெரியவில்லை. நீயே சொல்.

கிரீனா


சானடோரியம்
நவம்பர் 18

அக்கா,

சிரித்தேன், அழுதேன், இரண்டுக்கும் நர்ஸ் திட்டினாள்.

சீகேம் ஊரில் ஆண்பிள்ளைகளையெல்லாம் வெட்டிச் சாய்த்த முப்பத்துநாலாம் அதிகாரத்தை ஒரு வரி விடாமல் என் பிள்ளைகளுக்கு வாசித்திருக்கிறாய். மறுநாள் ஒரு பாவப்பட்ட தாயை மட்டும் மறைத்திருக்கிறாய். உன்னை என்ன செய்வது? ஆயுசில் ஒரே ஒரு தடவை மனது இளகினாய், அதையும் இந்த லட்சணத்தில் இளகினாய்!

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், மூச்சு விடாதே என்று எழுதியது நான்தான். அதையும் எண்ணிப் பார்த்தேன். அவளுக்கு என் மேல் கோபமில்லை என்பதும் தெரிந்துவிட்டது. செத்துப்போனதாக நினைத்திருக்கிறாள், அவ்வளவுதானே. அதைச் சரி செய்துவிடலாம், நான் இன்னும் இருக்கிறேனே.

புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வா. மத்தியானம் இரண்டு மணி. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் பைன் மரங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கே நில்லுங்கள். என் கட்டிலை வராந்தா ஓரத்துக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன். நர்ஸைக் காக்காய் பிடித்தாயிற்று. தூரம்தான். பேசினால் கேட்காது. பார்க்கலாம்.

பஸ்ஸில் வரும்போதே ஆபரேஷனைச் சொல்லிவிடு. நீயே சொல். மழுப்பாதே. என்ன கேட்டாலும் உனக்குத் தெரிந்ததைச் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அம்மா செத்துவிடுவாளா என்று கேட்டால் நாக்கைக் கடித்துக்கொள்ளாதே, தெரியாது என்கிற வார்த்தையை உன்னால் சொல்ல முடியும்.

லெவீனா


தோலன்
நவம்பர் 24

அன்புள்ள லெவீனா,

நேற்று நீ பார்த்தது பாதிதான். உனக்குக் கேட்காதது மீதி. அதை எழுதுகிறேன்.

பஸ்ஸில் சொன்னேன். நுரையீரலில் கெட்ட பகுதியை வெட்டி எடுக்கப்போகிறார்கள், செவ்வாய்க்கிழமை என்றேன். டோனா கேட்டாள்: "அப்ப செத்துப்போயிடுவாங்களா?"

"தெரியாது" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எனக்கே ஆச்சரியம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதே சமயம் லேனர்ட் என் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு மேல் வாந்தி எடுத்தான். காலையில் குடித்த மோர்க்கஞ்சி முழுவதும். எனவே நீ பார்த்த அந்த அலங்கோலமான பெண்பிள்ளை நான்தான். குழப்பிக்கொள்ளாதே.

புல்வெளியில் நின்றோம். நீ கைக்குட்டையை ஆட்டினாய். லேனர்ட் "அம்மா, அம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினான். டோனா அசையவில்லை.

"ஆட்டுடி கையை. அம்மா பாக்கிறாங்க."

"வேற யாராவதா இருக்கலாம். இங்க நிறையப் பேர் படுத்திருக்காங்க."

எனக்கு அழுவதா அறைவதா என்று தெரியவில்லை. இத்தனை தூரம் வந்து, கோட்டைப் பாழாக்கிக்கொண்டு, கடைசியில் இப்படியா என்று இருந்தது. அப்போதுதான் நீ எழுந்து உட்கார்ந்தாய். உட்காரக் கூடாதாமே உனக்கு! உட்கார்ந்து, இரண்டு கையையும் காதுமேல் விரித்துவைத்து, நாக்கை நீட்டினாய். நர்ஸ் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தது எனக்கே தெரிந்தது.

"அம்மாதான்" என்றாள் டோனா. அதன் பிறகு அவள் ஆட்டிய கையைத்தான் நீ பார்த்தாயே. நர்ஸ் உன்னைப் பிடித்துப் படுக்கவைத்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. பஸ் போய்விடுமே.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் வேதத்தை எடுத்தேன். முப்பத்தைந்தாம் அதிகாரம் என்று சொல்லி முதலிலிருந்து வாசித்தேன். ராகேல் இறந்த இடத்தில்கூட நிறுத்தவில்லை. முடித்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. லேனர்ட் மட்டும் "அந்தப் பாப்பாவுக்கு யாரு கஞ்சி குடுத்தாங்க?" என்றான். தெரியாது என்றேன். இரண்டாவது தடவை சொல்ல அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பிறகு ஜெபம். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: "எங்கள் மத்தியில் இருக்கிற வியாதியஸ்தரை நினைத்தருளும்..."

"பேரைச் சொல்லுங்க" என்றாள் டோனா.

நான் கண்ணைத் திறந்தேன். ஜெபத்தின் நடுவில் என்னை நிறுத்துகிறாள்! இருபது வருஷமாக நான் சொல்லுகிற ஜெபம். "லெவீனாவை" என்றேன்.

"எங்க அம்மான்னு சொல்லுங்க. உங்க தங்கச்சின்னும் சொல்லுங்க."

சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமைன்னு சொல்லுங்க."

"அது ஆண்டவருக்குத் தெரியும்டி."

"சொல்லுங்க."

சொன்னேன். பொறுமை போய்விட்டது. "இன்னும் என்னடி?"

"பயமா இருக்குன்னு சொல்லுங்க."

"யாருக்குப் பயம்? உனக்கா?"

"உங்களுக்கு" என்றாள்.

லெவீனா, அப்பா மேசையில் அப்படி யாரும் ஜெபித்ததில்லை. நானும் ஜெபித்ததில்லை. ஆண்டவரே எனக்குப் பயமாக இருக்கிறது, என் தங்கச்சியை எடுத்துக்கொள்ளாதேயும், எனக்கு அவளை விட்டால் யாருமில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் வரவில்லை. ஆமென்கூட வரவில்லை. பிள்ளைகள் இரண்டும் எனக்காகச் சொன்னார்கள்.

படுக்கும்முன் அவள் தன் ஜெபத்தைச் செய்தாள். நீ கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்: "ஆண்டவரே, அம்மாவுக்காக மூணு வாரமா நான் ஒண்ணும் கேக்கல. செத்துட்டாங்கன்னு நினைச்சுட்டேன். சாகல, இன்னைக்குப் பாத்தேன். அதனால மறுபடியும் கேக்கிறேன். அந்த மூணு வாரத்துக்கும் சேத்துக் கேக்கிறேன்."

இதைத்தானே நீ கேட்டாய்? கேட்டது கிடைத்துவிட்டது. டாக்டரிடம் வேண்டாம் கீண்டாம் என்று எதையும் உளறி வைக்காதே.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கப்போவதில்லை. அவளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பப்போவதில்லை. காலையிலிருந்து ஜெபம் செய்யப்போகிறேன் என்று சொன்னேன். தானும் பக்கத்தில் உட்காருவாளாம். தனியாக விட்டால் நான் எதையாவது விட்டுவிடுவேனாம்.

உன் அக்கா
கிரீனா